பொழுதுபோக்குக்கு நஷ்டம் கிடையாது

நஷ்டம் வந்தால் வெளியே தெரியாமல் மூடி வைப்பதுதான் ஊர் வழக்கம். நான் என் நஷ்டத்தை எழுதச் சொல்லி ஒரு ஜூலை மாதம் முழுக்க மல்லுக்கு நின்றேன். எழுதினால் எனக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தெரிந்தேதான் நின்றேன். இதைப் படித்துவிட்டு எனக்குப் புத்தி சொல்ல யாராவது வருவதாக இருந்தால், அந்த வரிசை நீளமானது, பின்னால் போய் நில்லுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. தரம் சோதிக்கும் கூடத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டுக் கம்பியை வெட்டிக்கொண்டு வந்து தருவார்கள். அதை மெஷினின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, அறுந்து போகும்வரை இழுக்க வேண்டும். எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று எழுத வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தேறாத கம்பியையும் எழுதியாக வேண்டும். ஒருமுறை ஒரு சூப்பர்வைசர் வந்து, "இத வுட்டுடும்மா, வேற துண்டு இழுத்துக்கலாம்" என்று குழைந்தார். "இழுத்தாச்சு, அறுந்தாச்சு, எழுதியாச்சு சார்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கொஞ்சம் குறைச்சல்தான்.

ஷிஃப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் மீன் வளர்க்கிறேன். தொட்டியில் வைத்து அழகு பார்க்கும் ஃபைட்டர் மீன். பெயருக்கு ஏற்ற மீன்தான். ஆண் மீன் இரண்டை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துப் போட்டுவிடும். அதனால் கொஞ்சம் வளர்ந்ததும் ஆண் மீன்களை ஆளுக்கொரு பாட்டிலில் பிரித்து வைக்க வேண்டும். அதற்குத் தோதானது குவாட்டர் பாட்டில். அளவாக இருக்கும், வெயிலுக்கு நெளியாது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். காலி பாட்டிலை டாஸ்மாக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று ஆனதிலிருந்து பழைய சாமான்காரர் அதற்குத் தங்க விலை சொல்கிறார், அது வேறு கதை. முட்டைக்கு வைத்திருக்கும் பெண் மீன்களையும் பாட்டிலில்தான் விடுவேன். என் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே அறுநூறுக்கு மேல் குவாட்டர் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து பாட்டில் மீனைப் பார்த்து முறைத்துக்கொண்டே இளைத்துவிடும் என்பதால் நடுநடுவே அட்டையை வெட்டிச் செருகியிருப்பேன்.

விஷயம் தெரியாதவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வையே வேறு. "இவ்ளோ ஊத்தியும் ஆளு எப்படி ஸ்டெடியா கீறாரு" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடமே கேட்டார். என் வீட்டுக்காரர் டீயில்கூடச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்கிற மனிதர். ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

மீனை வாங்குகிறவர் பழவேற்காட்டு பாய் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போய்ச் சென்னையில் கடைகளுக்குப் போடுவார். என்னைத் தங்கச்சி என்பார். ஆனால் போனில் வேறு யாரிடமாவது என்னைப் பற்றிப் பேசும்போது "நம்ம பாட்டில் பார்ட்டி" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன்னால் எந்த வியாபாரத்துக்கும் பார்ட்டியாக இருந்ததில்லை.

முதல் தப்பு என்னுடையது. அதை மறைக்க மாட்டேன்.

வருமான வரிப் படிவத்தை எனக்கு நிரப்பித் தருகிறவர் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். அவர் படித்தது வேறு படிப்பு, ஆனால் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பான் கார்டு கேட்கிற எல்லோரும் ஆடிட்டர்தான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், வேலையில் சுத்தமானவர். மீன் விற்க ஆரம்பித்த பிறகு முதல்முறை போனபோது, என் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து, "சம்பளம் போக மாசாமாசம் பணம் வந்துகினே கீதே மேடம், இது என்னது?" என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான்: "அது சும்மா சார். பொழுதுபோக்குக்கு மீன் வளக்கிறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். விடை தெரியாமல் இல்லை. என் அம்மா கழனி வேலைக்குப் போனார். அதைக் கூலி என்றார்கள். வீட்டுக்கு வந்து ஆறு ஆடு வளர்த்தார். அதைச் சும்மா என்றார்கள். என் டிப்ளமோ படிப்புக்குப் பணம் கட்டியது அந்தச் சும்மாதான். அது தெரிந்தும், ஆடிட்டர் கேட்டபோது என் நாக்கு அதே வழியில் போய்விட்டது. சம்பளத்துக்கு மேல் காசு வருகிறது என்று ஒரு பெண் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. ஏதோ திருடிவிட்ட மாதிரி.

ஆடிட்டர் என் வாய்ச் சொல்லை நம்பி, அதை இதர வருமானம் என்று போட்டார். பொழுதுபோக்கு என்றால் செலவு கழிக்க முடியாது என்றார். தீனி, பாட்டில், உப்பு, தண்ணீர் கொட்ட வரும் டிராக்டர், எதுவும் கழியவில்லை. சினிமா டிக்கெட்டை யாராவது வரியில் கழிப்பார்களா என்று நானும் தலையாட்டினேன். மூன்று வருஷம் அப்படியே வரி கட்டினேன்.

நாலாவது வருஷம், கார்த்திகை மாதத்தில், ஒரு புயல் வந்தது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு மூன்றாம் நாள் வெயில் காய்ந்தது. மாடியில் ஒரு பாட்டில்கூடச் சாயவில்லை. கூரைமேல் மணல் மூட்டை வைத்து, சுற்றிலும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தேன். என் மீனைப் புயல் கொல்லவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலர் பல விதமாகச் சொல்வார்கள்.

அப்போது மாடியிலிருந்த மீன் முழுவதும் பாய்க்குப் பேசி முடித்தது. ஐந்து மாத உழைப்பு. ஞாயிறு காலை எடுக்க வருவதாக இருந்தார். வெள்ளிக்கிழமை நான் முதல் ஷிஃப்டுக்குப் போனேன். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் என்னை மாற்றிவிடப் பொன்னேரியிலிருந்து வரவேண்டிய ஆள் வரவில்லை. அடுத்த ஷிஃப்டும் நானே நின்றேன், அதற்கடுத்ததும் நானே. நடுவில் வீட்டுக்குப் போன் செய்து, "மீனுக்குத் தீனி மட்டும் போட்டுடுயா" என்று சொன்னேன். குடோனில் தண்ணீர் ஏறியதால் அவருக்கு அன்றைக்கு லீவு.

இந்த மீனுக்குத் தெளிந்த தண்ணீர் ஆகாது. குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, அதிலிருக்கும் குளோரின் போன பிறகு, காய்ந்த பாதாம் இலையை ஊறப் போட வேண்டும். தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வரும். அதில்தான் மீன் செழிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது சாக்கடை மாதிரித் தெரியும். அதோடு, புயல் வெள்ளத்துக்குப் பிறகு ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் மருந்தைக் கொஞ்சம் தூக்கலாகக் கலப்பார்கள். நோய் வராமலிருக்கச் செய்கிற நல்ல காரியம். மனிதருக்கு நல்லது, மீனுக்கு எமன்.

அவர் மாடிக்குப் போய்த் தீனி போட்டிருக்கிறார். கறுத்துக் கிடந்த தண்ணீரைப் பார்த்திருக்கிறார். புயலில் அழுக்காகிவிட்டது, பாவம், இவள் ஷிஃப்டுமேல் ஷிஃப்டாக அங்கே நின்று சாகிறாள், வந்து இதையும் செய்ய வேண்டுமா என்று நினைத்திருக்கிறார். மத்தியானத்திலிருந்து நள்ளிரவுவரை, ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து, மீனைக் கிண்ணத்தில் பிடித்து, பாட்டிலை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீனைத் திரும்ப விட்டிருக்கிறார். அத்தனை பாட்டிலையும். எனக்கு ஆசையாக ஒன்று செய்து வைக்க வேண்டும் என்று.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குத்தான் ஏறினேன். வெயில் சாய்வாக அடித்தது. பாட்டில்கள் எல்லாம் பளபளவென்று ஜொலித்தன. எவ்வளவு அழகு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் இருக்கிறது. பிறகுதான் பார்த்தேன். சிவப்பும் நீலமுமாக எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

அவர் டீ டம்ளரோடு பின்னாலேயே வந்தார்.

"இன்னாயா பண்ண?" என்றேன்.

"தண்ணி அழுக்கா இருந்துச்சு. மாத்தி வச்சேன்." அதற்குள் அவருக்கும் கண்ணில் பட்டுவிட்டது. டம்ளரை வைக்க இடம் தேடினார். வைத்துவிட்டுச் சொன்னார்: "வுடு. பொழுதுபோக்குதான. திரும்ப வளத்துக்கலாம்."

தண்ணீர் மாற்றியதை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். தெரியாமல் செய்தது. இந்த ஒரு பேச்சை மன்னிக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய்ப் படுத்துவிட்டேன். எழுந்து வந்தபோது மாடியில் பாட்டில்கள் காலியாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை பாய் வண்டியோடு வந்து பார்த்துவிட்டு, காலி பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தார். "எவ்ளோ நஷ்டம் தங்கச்சி?" என்று கேட்டார். நஷ்டம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். வேண்டாம் வேண்டாம் என்றவரை உட்காரவைத்து நாஷ்டா போட்டுத்தான் அனுப்பினேன்.

மற்றவர்களுக்கு என் வீட்டுக்காரர் ஒரு கதை தயாராக வைத்திருந்தார். புயலில் செத்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். என் நாத்தனார் விசாரிக்க வந்து, "மீனுதான அண்ணி, கொழம்பாவது வச்சிருக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஃபைட்டர் மீன் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. எந்தச் சட்டியில் என்ன குழம்பு வைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பாயிடமே கடனுக்கு இரண்டு ஜோடி மீன் வாங்கி மறுபடி ஆரம்பித்தேன். ஜூலை மாதம் வந்தது. பஜாருக்குப் போய் மாடி ஏறினேன்.

"போன வருஷம் மாதிரியே போட்டுடலாமா மேடம்?" என்றார் ஆடிட்டர். "மீன் வருமானம் இந்தத் தடவ கம்மியா கீதே."

"கம்மி இல்ல சார். நஷ்டம்."

சிரித்தார். "பொழுதுபோக்குக்கு நஷ்டம்னு ஒண்ணு கெடையாது மேடம். காசு வந்தா வருமானம்னு காட்டணும். போச்சுன்னா அது உங்க சொந்தச் செலவு."

"லாபம் வந்தா வருமானம், நஷ்டம் வந்தா பொழுதுபோக்கு. அப்டித்தான சார்?"

"தொழில்னா நஷ்டம் காட்டலாம். ஆனா மூணு வருஷமா பொழுதுபோக்குன்னு சொன்னது நீங்கதான?"

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. சொன்னது நான்தான். அந்த அறையில் வேறு யார்மேலும் பழி போட வழி இல்லை.

"தப்பா சொல்லிட்டேன்," என்றேன். "இப்ப திருத்திக்கிறேன். தொழில்னு போடுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினார். தொழில் என்று போட்டால் படிவமே வேறு, பெரியது. அவருக்குக் கொடுக்கும் கூலியும் அதிகம். இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பின்னால் இதே மாதிரித் தொழிலில் லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம், அதுவும் எட்டு வருஷத்துக்குள், அதுவும் கெடு தேதிக்குள் அனுப்பினால்தான். இப்போதைக்குக் கையில் ஒன்றும் வராது.

"வராட்டிப் போவுது. எழுதுங்க."

"நீங்க தொழில்னு சொல்றதால மட்டும் தொழில் ஆயிடாது மேடம். எப்படி நடத்துறீங்கன்னுதான் பாப்பாங்க." பிறகு கேள்வி மேல் கேள்வி. தினம் எத்தனை மணி நேரம்? வாங்குகிறவர் வாடிக்கையா, எப்போதாவது வருகிறவரா? விலை நீங்கள் சொல்கிறீர்களா, அவர் கொடுத்ததை வாங்குகிறீர்களா? நஷ்டம் வந்த பிறகு விட்டுவிட்டீர்களா, மறுபடி பணம் போட்டீர்களா? நான் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்று கேட்டார்.

"மீனுக்கெல்லாம் பேரு வச்சிருக்கீங்களா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "எங்க ஊட்லயும் ஒரு தொட்டி கீது மேடம். எட்டு மீனு. எட்டுக்கும் எம்பொண்ணு பேரு வச்சிருக்கா. ஒண்ணு செத்தா ரெண்டு நாள் சாப்ட மாட்டா. அது பொழுதுபோக்கு. அதுக்குக் கேட்டேன்."

"முதுகு வளைஞ்சது, வால் கோணினதுன்னு வாராவாரம் பொறுக்கித் தனியா எடுத்துடுவேன் சார். தேறாதது தேறாததுதான். பேரு வச்சா கை வராது."

அவர் நாற்காலியை மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "ரசீது, கணக்கு, எது இருந்தாலும் எடுத்துகினு வாங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "தொழில்னு எழுதினா கரண்டு ஆபீசுல வந்து மீட்டர மாத்துவான். கம்பெனில கேப்பான். இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"மாத்தட்டும். ஷிஃப்டு முடிஞ்சு நான் தூங்குறனா மீன் வளக்குறனான்னு கம்பெனிக்கு இன்னா? வேலைக்குச் சேத்தப்ப குடுத்த பேப்பர எடுத்துப் படிச்சிட்டேன். அதுல ஒண்ணும் இல்ல."

"நஷ்டத்தக் காட்டி இன்னா கெடைக்கப் போவுது?"

"ஒண்ணும் கெடைக்காது."

"அப்பறம்?"

"ஒரு எடத்துலயாவது நஷ்டம்னு எழுதி இருக்கணும். இந்த ஊட்ல யாரும் சொல்லல."

அவர் எழுந்து போய் பைக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயிடம் கேட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் மீன் எடுக்கும்போது சின்னச் சீட்டில் எண்ணிக்கையும் விலையும் எழுதி, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, கார்பன் நகலை அவர் வைத்துக்கொள்வார். என்னுடையது பாதி ஈரத்தில் போய்விட்டது. அவருடையது மொத்தமும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. தூக்கிக் கொடுத்துவிட்டார். அதோடு என் நோட்டுகள். ஆலைப் பழக்கம் என்னை மாடியிலும் விடவில்லை. எந்த ஜோடி எப்போது முட்டையிட்டது, எத்தனை பொரித்தது, எத்தனை செத்தது என்று ஆரம்பத்திலிருந்தே எழுதி வைத்திருந்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் குப்பையில் போட்டதைக்கூட எண்ணித்தான் போட்டிருந்தேன்.

மாதக் கடைசியில் என் வீட்டுக்காரரே என்னை ஆடிட்டரிடம் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை. பஸ் கிடைக்காது என்று அவராகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். ஆடிட்டர் சீட்டுகளைப் புரட்டினார். "நூறுன்னு வெல போட்டிருக்கு, நூத்தஞ்சு குடுத்ததா கீதே?"

"அந்த அஞ்சு கொசுறு சார். வழில சாவுறதுக்கு. அத கேட்டு வாங்க மாட்டாங்க, குடுக்காம இருக்கவும் மாட்டோம்."

"இது பொழுதுபோக்கு இல்ல மேடம்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் முகத்தைக் காட்டாமல் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

புயல் வந்த வாரத்துப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். ஒவ்வொரு பக்கத்திலும் செத்தது எத்தனை என்று ஒரு எண் இருக்கும். அந்தப் பக்கத்தில் மட்டும் ‘எல்லாம்’ என்று எழுதியிருந்தேன்.

"எல்லாம்னா எவ்ளோ மேடம்?"

"அறுநூத்துச் சொச்சம்."

"சொச்சம்னு போட முடியாதே. மொத்த இருப்பும் ஒரே நாள்ல போச்சுன்னு காட்டறோம். நாளைக்கு யாராவது எப்படிப் போச்சு, எத்தன போச்சுன்னு கேட்டா கையில ஒரு பேப்பர் வேணும்." கொஞ்சம் யோசித்தார். "புயல்னு எழுதிடலாம். அது வந்தது ஊருக்கே தெரியும். யாரும் மறுத்துக் கேக்க மாட்டாங்க."

"ஆமா சார், புயல்தான்," என்றார் என் வீட்டுக்காரர். எட்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிவிட்டிருந்தது.

"இல்ல," என்றேன். "புயல் என் மாடில ஒரு பாட்டிலக்கூட சாய்க்கல. அது செய்யாதத அதும்மேல போடாதீங்க. தண்ணி மாத்தினதால செத்துச்சு. மாத்தினவரு இதோ கீறாரு. அவரே எழுதட்டும்."

ஆடிட்டர் கம்ப்யூட்டரில் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டின புருஷனை மூன்றாம் மனிதர் முன்னால் இப்படி நிறுத்தலாமா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மனிதர்கள் முன்னால் எட்டு மாதம் என் மீனைப் புயலுக்குக் கொடுத்தவர் அவர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. மேசையிலிருந்த வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார். கேட் பாஸில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதற்கும் பேனா பிடிக்காத கை. மெதுவாக எழுதினார். இரண்டு வரி எழுதித் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டே போனார். முடித்ததும் தாளை என் பக்கம் நகர்த்தாமல் ஆடிட்டர் பக்கம் நகர்த்தினார். ஆடிட்டர் வாய்விட்டுப் படித்தார்.

"என் மனைவி மீன் வளர்க்கும் தொழில் செய்கிறார். அவர் வேலைக்குப் போயிருந்தபோது அவரைக் கேட்காமல் நான் எல்லா பாட்டிலிலும் குழாய்த் தண்ணீர் மாற்றிவிட்டேன். மறுநாள் காலையில் மீன்கள் செத்துக் கிடந்தன. மொத்தம் அறுநூற்று முப்பத்தேழு. வீட்டுக்குப் பின்னால் பள்ளம் எடுத்து நான்தான் புதைத்தேன். எண்ணித்தான் புதைத்தேன்."

எனக்குத் தெரியாது. நான் கீழே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது இந்த மனிதர் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். எதையும் விடாமல் எழுதுகிற நான் ‘எல்லாம்’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடியிருக்கிறேன். வாயால் பொழுதுபோக்கு என்று சொன்னவர் கையால் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. எண்ணினவர் அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம்.

நோட்டை இழுத்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். ‘எல்லாம்’ என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், கீழே இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில் 637 என்று எழுதினேன். எங்கள் சோதனைக் கூடத்தில் தப்பாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. திருத்தத்துக்குப் பக்கத்தில், சரியான எண்ணைத் தந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"போடுயா," என்றேன்.

போட்டார். நான் ஆடிட்டர் பக்கம் திரும்பினேன்.

"இப்ப அனுப்புங்க சார்."